நஞ்சேற்றம் அல்ல, வடுநோய்

நெகிழி தின்ற கடற்பறவைகளின் வயிற்றில் தழும்பேறும் நோய்க்குப் பெயரான ‘பிளாஸ்டிகோசிஸ்’ என்ற சொல்லை ‘நெகிழி நஞ்சேற்றம்’ என்று முதன்முதலில் ஒரு மாத இதழில் பார்த்தபோது, ஏதோ அவசரத்தில் எழுதிவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு பள்ளிக் கண்காட்சியின் பதாகையில் அதே சொல். போன வாரம் ஒரு கருத்தரங்கில் ஒரு பேராசிரியரே ஏழெட்டு முறை சொன்னார். இனிப் பொறுப்பதற்கில்லை.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. பிசைந்து உருக்கொடுப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து பிளாஸ்டிக் வந்தது. ‘நெகிழ்’ என்ற அடியிலிருந்து நாம் ஆக்கிக்கொண்ட நெகிழி அதற்குப் பழுதில்லை. (‘ஞெகிழி’ என்று எழுதுவோரும் உண்டு. சங்கப் பாட்டில் அது கொள்ளிக்கட்டை. பறவை வயிற்றில் அதையும் வைக்க வேண்டாம்.) ‘ஓசிஸ்’ என்பது நோய்நிலையைக் குறிக்கும் ஈறு. 2023இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தாரும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இந்த இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்தார்கள். கல்லுடைப்போர் நுரையீரலைப் பிடிக்கும் சிலிகோசிஸ், கல்நாரால் வரும் அஸ்பெஸ்டோசிஸ் ஆகியவற்றின் சாயலில் வைத்த பெயர் அது.

அவர்கள் கண்டது என்ன? ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி லார்ட் ஹவ் தீவு இருக்கிறது. அங்கே மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை, கடலில் மிதக்கும் நெகிழித் துண்டுகளையும் இரையென்று பொறுக்கி வந்து குஞ்சின் வாயில் ஊட்டிவிடுகிறது. குஞ்சுகளின் முன்னிரைப்பைத் திசுவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செரிமான நீர் சுரக்க வேண்டிய சுரப்பிகள் சிதைந்து, அந்த இடமெல்லாம் தழும்புத் திசு படர்ந்திருந்தது. துண்டின் கூர்முனை உரசுகிறது, புண்ணாகிறது; ஆறுவதற்குள் மீண்டும் உரசுகிறது. அதே வயிறுகளில் எரிமலை நுரைக்கல்லும் கிடந்தது. அது இப்படித் தழும்பேற்றவில்லை.

இதில் நஞ்சு எங்கே வந்தது? நஞ்சால் வரும் நோய்நிலையைக் குறிக்கும் ‘டாக்ஸிகோசிஸ்’ என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டார்கள் என்பது என் ஊகம். நெகிழியிலிருந்து வேதிப்பொருள்கள் கசிவது உண்மைதான்; ஆனால் அது வேறு கேடு, இந்தப் பெயர் அதற்கு வைத்ததில்லை. நஞ்சேற்றம் என்று சொன்னால் நஞ்சை எடுத்துவிட்டால் போதும் என்றாகிவிடும். குழந்தைகளின் பொம்மைப் பெட்டியில் ‘நச்சுத்தன்மை அற்றது’ என்று அச்சிடுகிறார்களே, அப்படிப்பட்ட உத்தம நெகிழியும் உடைந்து சில்லானால் குஞ்சின் வயிற்றைக் கிழிக்கத்தான் செய்யும். தவறான ஒரு சொல், விற்பவனுக்கு வக்கீலாகிவிடுகிறது.

‘நெகிழிப்புண்’ என்று ஒரு நண்பர் சொன்னார். நஞ்சுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் புண் ஆறும். தீயினால் சுட்டதைப் புண் என்றும் நாவினால் சுட்டதை வடு என்றும் பிரித்து வைத்த வள்ளுவரைவிட இந்த வேறுபாட்டை நமக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஆகவே ‘நெகிழி வடுநோய்’. வடு என்றால் மாவடு நினைவுக்கு வராதா என்று கேட்டார். பக்கத்தில் நோய் நிற்கும்போது யாருக்கும் ஊறுகாய் நினைவு வராது. இன்னொன்று: வடு ஏறிய தசை விறைத்துவிடும். நெகிழி தின்ற வயிறு நெகிழாமல் போகிறது. நெகிழ் என்ற வேரே நோயின் இயல்பைச் சொல்லிவிடுகிறது.

இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், பொருளைத் திறந்து பார்ப்பதில்லை. அதே மாத இதழ்க் கட்டுரையில் அந்தப் பறவையின் பெயர் ‘இறைச்சிக்கால் பறவை’ என்று இருந்தது. கால் வெளிர் இளஞ்சிவப்பாக, தோல் நிறத்தில் இருப்பதால் ஆங்கிலத்தில் ‘ஃப்ளெஷ்-ஃபுட்டட் ஷியர்வாட்டர்’ என்று வைத்த பெயர் அது. ஒரு படத்தைப் பார்த்திருந்தால் போதும். இரண்டையும் திருத்தச் சொல்லி இதழுக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த இதழில் திருத்தம் வந்தது: ‘இறைச்சிப் பாதப் பறவை’. நஞ்சேற்றம் அப்படியே இருந்தது.