ஊரைக் காட்டுகிறவர் ஊரில் வாழ்கிறாரா?

"இங்கிருந்து பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம் சார். நூலகம் அடுத்த தெருவில்தான். சாயங்காலம் காற்று அப்படி வரும்." வீடு பார்க்க வருகிற பார்ட்டியிடம் நாங்கள் எல்லோரும் சொல்கிற வசனம் இது. சொல்வதில் பொய் இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் இருக்கிற யாரையாவது நிறுத்தி, அந்தப் பூங்காவில் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதை ஒட்டிய மனை என்ன விலைக்குப் போனது என்று சட்டென்று சொல்வார். உட்கார்ந்த நாள் நினைவுக்கு வராது.

ரியல் எஸ்டேட்டில் நீண்ட காலமாக இருக்கிறேன். இப்போது புதிதாக வருகிறவர்களைப் பழக்குகிற வேலையும் என்னிடம் இருக்கிறது. டீலை எப்படி முடிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தத் தொழிலில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த வரையில், விட்டுப் போனவர்களில் பலருக்கு விற்கத் தெரியும். களைத்துப் போய்த்தான் போனார்கள்.

"உங்களுக்கென்ன, நேரம் உங்கள் கையில்" என்று வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள். யாருடைய நேரம் யார் கையில் என்பது தொழிலுக்குள் வந்தால்தான் தெரியும். மற்றவர்களுக்கு விடுமுறை வந்தால்தான் அவர்கள் வீடு பார்க்க வருவார்கள். அவர்கள் அலுவலகம் முடிந்த பிறகுதான் போன் செய்வார்கள். அதனால் ஊர் ஓய்வெடுக்கிற நேரமெல்லாம் எங்களுக்கு வேலை நேரம். இது தொழிலின் அமைப்பு. இதை மாற்ற முடியாது, குறை சொல்லியும் பயனில்லை.

மாற்ற முடிகிற விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் பல பரிசோதனைகள் செய்தார். ஒரு பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். ஆனால் எத்தனையாவது கொத்தில் விழும் என்று சொல்ல முடியாது. அப்படி வைத்தபோது புறா ஓய்வில்லாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தீனியை நிறுத்திய பிறகும் லேசில் விடவில்லை. சூதாட்ட இயந்திரங்கள் மனிதர்களைப் பிடித்து வைத்திருப்பதும் இதே கணக்கில்தான். எங்கள் கமிஷனும் அப்படித்தான் வருகிறது. நாலு மாதம் அலைந்த பார்ட்டி கடைசியில் வாங்காமல் போய்விடுவார். ராத்திரி யதேச்சையாக எடுத்த ஒரு போன் ஒரே வாரத்தில் பதிவு வரைக்கும் போய்விடும். அந்த ஒரு போன்தான் மனதில் தங்கும். அதற்கப்புறம் எந்த போனையும் விட மனசு வராது. போனைக் கீழே வைக்க முடியாததை நாம் உழைப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதில் பாதி உழைப்பு இல்லை, கொத்துகிற பழக்கம்.

பயிற்சி வகுப்புகளில் ஒரு பாடம் தவறாமல் வரும்: விசாரணை வந்தால் ஐந்து நிமிஷத்துக்குள் திருப்பி அழைக்க வேண்டும். புதிதாக விசாரிக்கிறவர் நான்கைந்து பேரிடம் கேட்டிருப்பார், முதலில் பேசுகிறவருக்குச் சாதகம். அது சரிதான். ஆனால் இந்தப் பாடத்தை எல்லா அழைப்புக்கும் நீட்டிவிட்டோம். ஏற்கெனவே நம்மோடு இருக்கிற பார்ட்டி ராத்திரி பதினொரு மணிக்கு, "சமையலறை கிழக்கு பார்த்ததா?" என்று கேட்டால் காலையில் பதில் சொன்னால் போதும். அவரும் உடனே பதில் வரும் என்று எதிர்பார்த்து அனுப்பவில்லை. தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருந்தார், கேட்டார். நாம் உடனே பதில் போட்டால்தான், "இவர் எந்த நேரமும் கிடைப்பார்" என்று அவருக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

உண்மையிலேயே அவசரமானவை எவை என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டிய விலைப் பேச்சு, நாளைக்குப் பதிவு என்றிருக்கும்போது வங்கி கிளப்புகிற சந்தேகம், சாவி நம்மிடம் இருக்கிற வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்து வருகிற போன். இவற்றைத் தவிர வேறெதுவும் விடியும் வரை காத்திருந்தால் கெட்டுப்போகாது.

நான் பழக்குகிறவர்களுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், அதுவும் சிரித்த முகத்தோடு. "ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் போன் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பி வையுங்கள், காலை ஒன்பதுக்குள் பதில் வந்துவிடும். தலைபோகிற காரியம் என்றால் இரண்டு முறை தொடர்ந்து அழையுங்கள், எடுப்பேன்." இவ்வளவு போதும். இதைக் கேட்டு முகம் சுளித்த பார்ட்டிகள் குறைவு. பாதிப் பேர் தங்கள் வேலையிலும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் தேவலை என்கிறார்கள். ஆனால் காலை ஒன்பது என்று சொன்னால் ஒன்பதுக்குள் பதில் போயிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் இரவு நமக்கு மிஞ்சும். சொன்ன நேரத்தில் பேசாதவரைத்தான் பார்ட்டி அர்த்தராத்திரியில் துரத்துவார்.

பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அவை சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கமிஷனுக்கு வேலை செய்கிறவருக்கு முதலாளியும் அவரேதான். சட்டம் வந்து போனை அணைக்காது.

சரி, இப்படியே ஓடினால் என்ன ஆகிவிடும்? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் செய்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். எங்களில் யாரும் மணிக்கணக்கு எழுதி வைப்பதில்லை. ஒரே ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். காரில் போகிற நேரம், பதிவு அலுவலகத்தில் காத்திருக்கிற நேரம், சாப்பிடும்போது பேசுகிற போன் எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

ஆனால் உடம்பு சொல்வதற்கு முன்னால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் அனுபவம். வேலைச் சோர்வு, அதாவது பர்ன் அவுட், பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் கொடுத்த விளக்கத்தில் மூன்று அடையாளங்கள் இருக்கின்றன: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் ஒரு விலகலும் கசப்பும் வருவது, நம்மால் எதுவும் உருப்படியாக நடக்கவில்லை என்று தோன்றுவது. இரண்டாவதைத்தான் எங்கள் அலுவலகங்களில் முதலில் கேட்கலாம். வீடு பார்க்க வருகிறவர் எல்லோருமே "டைம் பாஸ் பார்ட்டி" ஆகிவிடுவார்கள். வாழ்நாள் சேமிப்பை ஒரே கையெழுத்தில் கொடுக்கப் போகிற குடும்பம், இன்னொரு தடவை வந்து பார்க்கிறோம் என்று கேட்டால், "இவங்களுக்கு வேற வேலையே இல்ல" என்று அலுத்துக்கொள்வோம். கூட இருக்கிறவர்களும் சிரிப்பார்கள். இதை யாரும் நோயின் அறிகுறியாகப் பார்ப்பதில்லை, அனுபவசாலியின் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். என்னிடம் பழகுகிற ஒருவர் எல்லாப் பார்ட்டியையும் திட்ட ஆரம்பித்தால் நான் முதலில் அவருடைய விற்பனைக் கணக்கைக் கேட்பதில்லை. கடைசியாக முழு நாள் லீவு எப்போது எடுத்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

உடம்பு விஷயத்தில் பொதுவாகச் சொல்கிற அறிவுரைகளை விட்டுவிடுகிறேன். எங்கள் வேலைக்கே உரிய சில தொல்லைகள் இருக்கின்றன. கட்டி முடிக்காத வீட்டிலும் பூட்டிக் கிடக்கிற வீட்டிலும் கழிப்பறை இருக்காது, இருந்தால் தண்ணீர் இருக்காது. அதனால் பெண் ஏஜென்டுகள் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வருவதற்கு இது போதும். அன்றைய சைட்டுகளை வரிசைப்படுத்தும்போதே நடுவில் ஒரு நல்ல கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் இடம் போட்டுவிட வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை, அணித் தலைவர் ஆணாக இருந்தாலும்.

இன்னொன்று வண்டி. தூங்கி எழுந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருக்கு நிகராகக் கவனம் மந்தமாகும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் ராத்திரி பதினொரு மணிக்குக் கடைசி சைட்டைக் காட்டிவிட்டு வண்டி ஓட்டுகிறார் என்றால் இந்தக் கணக்கில்தான் வருகிறார். கூடவே போனிலும் பேசுகிறார். ஹேண்ட்ஸ் ஃப்ரீ போட்டால் கை காலியாகும், மனசு காலியாகாது.

பாதுகாப்பையும் நலத்தோடு சேர்த்தே பேச வேண்டும். லண்டனில் எஸ்டேட் ஏஜென்டாக இருந்த சூசி லாம்ப்ளூ 1986 ஜூலை 28 அன்று, வீடு காட்டப் போவதாக அலுவலக டைரியில் ஒரு பெயரை எழுதிவிட்டுக் கிளம்பினார். திரும்பி வரவே இல்லை. தனியாக வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காக அவருடைய பெற்றோர் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். புது ஆளைக் காலி வீட்டில் சந்திப்பதற்கு முன்னால் அலுவலகத்திலோ பொது இடத்திலோ ஒரு தடவை பார்த்துப் பேசுவது, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது, வீட்டுக்குள் பார்ட்டியை முன்னால் நடக்கவிட்டு நாம் வாசல் பக்கமாக நிற்பது. இவை ஆணுக்கும் பொருந்தும். இருட்டிய பிறகு முதல் சந்திப்பு வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் மாலை நேரமும் மிஞ்சுகிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் நிம்மதியைப் பற்றிப் பேசுவது வீண். அடுத்த மாத வாடகைக்கு வழி இல்லாதவரிடம் எட்டு மணிக்கு மேல் போனை அணைத்துவிடுங்கள் என்றால் அவர் சிரிப்பார். கமிஷன் வந்த மாதம் ராஜா, வராத மாதம் கடன்காரர் என்பதுதான் எங்கள் பாடு. கமிஷன் முழுவதையும் தனிக் கணக்கில் போடுங்கள். வரிக்கு உண்டானதை அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் அந்தக் கணக்கிலிருந்து மாதம் ஒரே தொகையை உங்களுக்கு நீங்களே சம்பளமாகக் கொடுங்கள். அந்தத் தொகையை நல்ல மாதத்தை வைத்துத் தீர்மானிக்காமல் மந்தமான மாதங்களின் சராசரியை வைத்துத் தீர்மானியுங்கள். ஆறு மாதச் செலவுக்கு அந்தக் கணக்கில் இருப்பு சேர்ந்துவிட்டால் ராத்திரி வருகிற அழைப்பின் சத்தமே வேறு மாதிரி கேட்கும்.

இனி அந்தப் பூங்கா. இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரின் விவரங்களை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்தில் மொத்தம் 120 நிமிஷமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் கழிப்பவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. ஒரே மூச்சில் போனாலும் சரி, நாலு தடவையாகப் பிரித்தாலும் சரி. அங்கே போவதால்தான் நலமாக இருக்கிறார்களா, நலமாக இருப்பதால் போகிறார்களா என்பதை அந்த ஆய்வு மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை. 120 நிமிஷம் என்பது வராமல் போன ஒரு பார்ட்டிக்காக வாசலில் நின்ற நேரம்தான்.

ஊரின் சின்னச் சந்தோஷங்களைத் தேடிப் போவதால் தொழிலுக்கும் லாபம் உண்டு. எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் தேங்குகிறது, எந்த மூலையில் சாயங்காலம் இரைச்சல் தாங்க முடியாது, எந்த மைதானத்தில் குழந்தைகள் உண்மையிலேயே விளையாடுகிறார்கள் என்பதெல்லாம் நடக்கிறவருக்குத்தான் தெரியும். ஆனால் இதற்காகவே போகிறேன் என்று கிளம்பினால் அது இன்னொரு சைட் விசிட் ஆகிவிடும். எங்கள் ஆட்களிடம் இந்த வியாதி உண்டு. ஏரிக்கரைக்குப் போனால் ரீல் எடுப்பார்கள், நூலகத்துக்குப் போனால் விசிட்டிங் கார்டு கொடுப்பார்கள். போகிற இடத்தில் நாம் யார் என்று யாருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாமே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வீட்டை விற்கும் யோசனையில் இருக்கலாம். இருக்கட்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்றால், ஒரு கூட்டாளியிடம்தான் இருக்கிறது. நம்பகமான இன்னொரு ஏஜென்டோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் ஒரு நாள் உங்கள் அழைப்புகளை அவர் பார்ப்பார், வேறொரு நாள் அவருடையதை நீங்கள் பார்ப்பீர்கள். அந்த நாளில் புதிதாக வருகிற பார்ட்டி யாருடையவர், அவர் வாங்கினால் கமிஷனை எப்படிப் பிரிப்பது என்பதை முன்கூட்டியே எழுத்தில் போட்டுவிடுங்கள். நட்பில் இதெல்லாம் எதற்கு என்று விட்டவர்களின் ஏற்பாடு முதல் பெரிய டீலிலேயே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். அணித் தலைவர்கள் இதை ஒரு சுழற்சிப் பட்டியலாகப் போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டலாம். லீவில் இருப்பவருக்கு குரூப்பில் "இத மட்டும் கொஞ்சம் பாருங்க" என்று தலைவரே செய்தி போடாமல் இருந்தால் அந்தப் பட்டியல் வேலை செய்யும்.