கேம் போட்டா சிஸ்டம் ஆஃப் ஆகுதா? மொதல்ல எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரை படிங்க

சர்வீசுக்கு அடிக்கடி வர்ற கம்ப்ளெயின்ட் இது. பிரவுசிங் பண்ணா ஒண்ணும் ஆகாது, படம் பாத்தா ஒண்ணும் ஆகாது, கேம் லோட் ஆகி கொஞ்ச நேரத்துல டப்புனு ஆஃப், ப்ளூ ஸ்க்ரீன் கூட வராது. "அண்ணே கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சு போல, வாரண்டிக்கு அனுப்பிடலாமா"ன்னு கேப்பாங்க. கார்டை கழட்டி நம்ம டெஸ்ட் பெஞ்ச்ல போட்டா பல நேரம் ஜம்முனு ஓடும். சிஸ்டத்துக்கு கரண்ட் குடுக்குற பவர் சப்ளை டப்பா, அதாவது எஸ்எம்பிஎஸ்தான் தாங்கல.

ப்ராசஸர், கார்டு, கண்ணாடி வச்ச கேபினட், கலர் கலரா ஃபேன் எல்லாம் வாங்கி முடிச்சிட்டு மிச்சம் கெடக்குற காசுல எஸ்எம்பிஎஸ் வாங்குறாங்க, அங்கதான் வினையே.

சமீபத்துல ஒரு தம்பி கொண்டு வந்த சிஸ்டம், செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு, எஸ்எம்பிஎஸ் மேல கொட்டை எழுத்துல 750 வாட். திருப்பி சைடு ஸ்டிக்கர்ல இருக்குற டேபிளை பாத்தா 12 வோல்ட்டுக்கு நேரா வெறும் 30 ஆம்ப்ஸ். பெருக்கி பாருங்க, 360 வாட் தான் வரும். அந்த கார்டு ஒண்ணே 320 வாட் இழுக்கும், ப்ராசஸரும் அதே 12 வோல்ட்ல இருந்துதான் எடுக்கணும், அது என்ன காத்த குடிச்சிட்டா ஓடும்? நேர்மையான 750 வாட் யூனிட்ல அந்த எடத்துல 62 ஆம்ப்ஸ் கிட்ட போட்டிருக்கும். கடையில பில் போடுறதுக்கு முன்னாடி இந்த ஒரு நம்பரை பாத்துட்டா பாதி பிரச்சனை முடிஞ்சது.

இன்னொண்ணு, 320 வாட்ங்கறது சராசரி. மில்லிசெகண்ட் கணக்குல கார்டு அதுக்கு மேல எகிறி இறங்கும், அந்த நேரத்துல எஸ்எம்பிஎஸ் ஓவர்லோடுன்னு நெனச்சு தன்னையே கட் பண்ணிக்கும். இதுக்காகவே 2022ல ஏடிஎக்ஸ் 3.0ங்கற எஸ்எம்பிஎஸ் ஸ்டாண்டர்டு வந்துச்சு, புது கார்டுக்கு வாங்குறீங்கன்னா 3.0 இல்ல 3.1னு போட்டிருக்கான்னு பாருங்க. 80 பிளஸ் கோல்டு இருக்கே போதாதான்னு கேக்காதீங்க, அது எவ்ளோ கரண்ட் வேஸ்ட் ஆகுதுங்கற கணக்கு, உள்ள ப்ரொடெக்‌ஷன் எப்படி இருக்குன்னு அது சொல்லாது.

அப்புறம் கேபிள். கார்டுக்கு கரண்ட் போற 8 பின் கனெக்டர் ஒண்ணுக்கு 150 வாட் தான் ஸ்பெக். கார்டுல ரெண்டு 8 பின் இருந்தா எஸ்எம்பிஎஸ்ல இருந்து ரெண்டு தனித்தனி கேபிள் போடுங்க, ஒரே கேபிள் நுனியில ரெட்டை கனெக்டர் தொங்குதேன்னு அதையே ரெண்டுலயும் சொருகாதீங்க. புது 16 பின் கனெக்டர்னா இன்னும் கவனம். 600 வாட்னா 50 ஆம்ப்ஸ், அது ஆறே பின்னுல பிரிஞ்சு போகுது, ஒவ்வொண்ணுலயும் 8 ஆம்ப்ஸுக்கு மேல. அரைகுறையா சொருகி இருந்தா ஒரு ஓரத்து பின் மட்டும் சூடாகி சுத்தி இருக்குற பிளாஸ்டிக் பழுப்பாகி குமிழ் விட்டு நிக்கும், கேபினட்டை தொறந்தவுடனே வாடையே சொல்லிடும். இடைவெளி தெரியாத அளவுக்கு முழுசா அழுத்துங்க, கனெக்டர் ஒட்டியே வயரை மடக்காதீங்க.

மாடுலர் யூனிட் (கேபிளை தனியா கழட்டுற மாதிரி எஸ்எம்பிஎஸ்) மாத்தும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுட்டு புது டப்பாவை மட்டும் மாத்துறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேணாம்! எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசைக்கு பொதுவான ஸ்டாண்டர்டு கெடையாது, ஷேப் சரியா உக்காந்தாலும் 5 வோல்ட் போக வேண்டிய எடத்துல 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் ஒரே செகண்ட்ல காலி. டேட்டாவும் சேத்துதான்.

எத்தன வாட் வாங்கறதுன்னா, என்விடியா சொல்றது ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கார்டுக்கு 750, 5080க்கு 850, 5090க்கு 1000. அதுக்கு கீழ போகாதீங்க, மேல ரொம்ப போகவும் தேவையில்ல. ஆனா வீட்ல இருக்குற 600 விஏ யுபிஎஸ் பொதுவா 360 வாட் தான் தாங்கும், கேம் நடுவுல கரண்ட் போனா அது கத்திட்டு படுத்துடும், அதுக்கு புது எஸ்எம்பிஎஸ்ஸை தூக்கிட்டு சண்டைக்கு வராதீங்க.