ஒரே அளவு கதிர், ஒரு கட்டி மட்டும் ஏன் கரைகிறது?

குளச்சலில் ஒருவருக்கும் தக்கலையில் ஒருவருக்கும் டான்சில் பகுதியில் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். கட்டியின் அளவு ஒன்றுதான். நெய்யூரிலோ திருவனந்தபுரத்திலோ நாளுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம், வாரத்துக்கு 5 நாள், ஏழு வாரம் இருவருக்கும் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைக்கிறார்கள். ஒருவருக்குக் கட்டி கரைந்துவிடுகிறது. மற்றவருக்குத் திரும்ப வளர்கிறது. உடனே, "ஒழுங்கா சாப்பிடல, மனசுல தைரியம் இல்ல" என்று நோயாளி மேலேயே பழி போடுவார்கள். அது பெரிய அநியாயம். பல நேரம் காரணம் கட்டியின் மரபணுக்களில் இருக்கிறது.

கதிர் குறிவைப்பது செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை. அது இரண்டு புரி முறுக்கிய கயிறு மாதிரி. ஒரு புரி மட்டும் அறுந்தால் செல் மற்றதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். 1 கிரே கதிர் பட்டால் ஒரு செல்லில் ஒற்றை அறுப்புகள் சுமார் 1,000, இரட்டை அறுப்புகள் சுமார் 40 விழும். சாவைத் தீர்மானிப்பது அந்த 40தான்.

இரட்டை அறுப்பைக் கண்டதும் அபாயக் குரல் கொடுப்பது ஏடிஎம் மரபணு தரும் புரதம். பிழையில்லாமல் ஒட்டும் வேலையில் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டுக்கும் பங்கு உண்டு. இவை பழுதான செல் கதிருக்குச் சீக்கிரம் மசியும். பிறவியிலேயே ஏடிஎம்மின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கு வழக்கமான அளவு கதிரே நல்ல திசுவையும் கடுமையாகச் சிதைத்துவிடும். அரிய நோய்தான், ஆனாலும் குடும்பத்தில் அப்படி இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கட்டி தப்பிக்கவும் வழி உண்டு. கதிர் செல்லில் உள்ள நீரைத் தாக்கி உண்டாக்கும் வீரியமான மூலக்கூறுகளும் டிஎன்ஏவை அறுக்கின்றன. கீப்1 மரபணு கெட்டுப்போன சில நுரையீரல் கட்டிகள், அந்த மூலக்கூறுகளைத் தணிக்கும் பொருள்களை ஏராளமாகச் சுரந்துகொள்கின்றன.

சரி, நம் இரண்டு பேர்? டிஎன்ஏ அறுந்த செல்லைச் சாகவைப்பதில் டிபி53 மரபணுவுக்குப் பங்கு உண்டு. புகையிலையால் வரும் தொண்டைக் கட்டிகளில் அது பழுதாவது மிகச் சகஜம். அவை கதிருக்கு எளிதில் அடங்குவதில்லை. ஹெச்பிவி என்ற வைரஸால் வரும் கட்டிகளில் அந்த மரபணு பெரும்பாலும் அப்படியே இருக்கும், பழுதுபார்க்கும் திறனும் குறைவு. அதனால் நன்றாகக் கரைகின்றன. இந்த இரண்டாம் வகையா என்று அறிய, பயாப்ஸிக்காகக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கிலேயே பி16 என்ற சோதனை செய்யலாம். அதை வைத்துக் கதிரின் அளவைக் குறைப்பது இன்னும் வழக்கமாகவில்லை. ஆனால் சிகிச்சை எப்படிப் போகும் என்று வீட்டாரிடம் தெளிவாகப் பேச மருத்துவருக்கு அந்த முடிவு உதவும்.