பழைய பாலம் எதனால் போகிறது? அயோவாவின் மேடிசன் கவுண்டியை முன்வைத்துச் சில குறிப்புகள்

பழைய மரப்பாலங்களையும் கல் கட்டடங்களையும் பரிசோதித்து, எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன கவுண்டிகளில்கூட (நம்மூர் மாவட்டம் மாதிரி) நூறு, நூற்றைம்பது வயதுக் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றைப் பற்றி மக்களிடம் இருக்கும் ஒரு நம்பிக்கையைத்தான் நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். "இது தேசியப் பதிவேட்டில் இருக்கிறது சார், இதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்பார்கள்.

முடியும். 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த, வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் பட்டியலான அந்தப் பதிவேட்டில் உங்கள் கட்டடம் இருந்தாலும், உங்கள் சொந்தப் பணத்தில் நீங்கள் அதை இடித்துத் தள்ள நினைத்தால் அந்தப் பதிவு உங்களைத் தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ ஒரு திட்டத்தில் கலந்திருந்தால், அதனால் பழைய கட்டடத்துக்கு என்ன பாதிப்பு என்று முதலில் ஆராய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவ்வளவுதான். இடிக்காதே என்று நிறுத்தும் அதிகாரம், இருந்தால், உள்ளூர் நகராட்சியின் விதிகளில்தான் இருக்கும். கிராமப்புறங்களில் பெரும்பாலும் அப்படி ஒரு விதியே இருக்காது. தவிர, தண்ணீரும் தீயும் எந்தப் பதிவேட்டையும் படிப்பதில்லை.

இதைப் பேச மேடிசன் கவுண்டியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அயோவா மாநிலத் தலைநகரான டெ மாய்னுக்குத் தென்மேற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 16,500. கவுண்டியின் தலைநகர் விண்டர்செட். நடிகர் ஜான் வெய்ன் 1907-இல் பிறந்த சிறிய வெள்ளை வீடு அங்கேதான் இருக்கிறது. ஆனால் கவுண்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை கூரைப் பாலங்கள். ஒரு காலத்தில் 19 இருந்தன. இன்று 6. 1990-களில் ஒரு நாவலும் அதிலிருந்து வந்த ஹாலிவுட் படமும் இவற்றை உலகம் முழுக்கப் பிரபலமாக்கின. அதன் பலனையும் விலையையும் அந்த ஊர் சேர்த்தே அனுபவிக்கிறது.

பாலத்துக்குக் கூரை எதற்கு? குதிரை மிரளாமல் இருக்க, காதலர்கள் ஒதுங்க என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பாலத்தின் தளத்தில் இருக்கும் கனமான மரங்கள் விலை அதிகம், மாற்றுவதும் கடினம். பக்கப் பலகையும் கூரையும் மலிவு. அதனால் மலிவானதைப் போட்டு விலையுயர்ந்ததைக் காப்பாற்றலாம் என்று கவுண்டி நிர்வாகம் முடிவு செய்தது. மழை படும் மரப்பாலத்துக்கும் கூரை போட்ட பாலத்துக்கும் ஆயுளில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. 1870-இல் கட்டிய ஐம்ஸ் பாலம் இன்றும் நிற்கிறது, அதுவும் இரண்டு முறை இடம் மாற்றப்பட்ட பிறகு.

சீடர் (1883), ரோஸ்மேன் (1883), ஹாக்பேக் (1884) ஆகியவற்றைக் கட்டியவர் பெண்டன் ஜோன்ஸ். அவர் எடுத்துக்கொண்டது, இதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை பெற்ற பின்னல் சட்டக முறை. மூங்கில் தட்டி போலப் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து, அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் மர ஆணி அடித்துவிடுவார்கள். ராட்சத மரங்கள் வேண்டாம், நுணுக்கமான இணைப்புகள் வேண்டாம், சாதாரணத் தச்சர்களே போதும். ஒரு பலகை பழுதானாலும் சுமையைப் பக்கத்துப் பலகைகள் பங்கிட்டுக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த சட்டகம் இது. பரிசோதிக்கிறவனுக்குத் தொல்லையும் இதுதான். பழுது உள்ளே இருந்தாலும் பாலம் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றுகொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட பாலத்துக்குப் போனால் முதலில் மேலே பார்ப்பேன், அப்புறம் நேராகக் கீழே, சட்டகத்தின் நுனிகள் கரைச்சுவரில் உட்காரும் இடத்துக்கு. நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அழுகல் தொடங்குவது நுனிகளில். சாலையிலிருந்து அடித்து வரும் மண்ணும் சருகும் அங்கே சேர்ந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. 28, 30 என்று ஏறி அங்கேயே நின்றுவிட்டால் அழுகல் நிச்சயம். கூரான குத்தூசியால் குத்திப் பார்த்து, சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டு, சந்தேகம் இருந்தால் மெல்லிய துளைக்கருவியை உள்ளே விட்டுத் தெரிந்துகொள்வோம். இதற்கான மருந்து என்ன தெரியுமா? வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு துடைப்பமும் மண்வெட்டியும். பல லட்சம் டாலர் சீரமைப்புக்கு விழா எடுக்கும் ஊர்கள், அந்தக் கரைச்சுவர் மண்ணை வாரிப் போட ஒரு ஆளை நியமிக்க மாட்டார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மேடிசனில் அண்மைக் காலத்தில் தீ நிறையத் தின்றிருக்கிறது. 1983-இல் மெக்பிரைடு பாலம் யாரோ வைத்த தீயில் போனது. 2002 செப்டம்பரில் சீடர் பாலம் எரிந்தது. அதுவும் வைக்கப்பட்ட தீ. அப்போது அந்தக் கவுண்டியில் வாகனம் ஓட்டிப் போகக்கூடிய ஒரே கூரைப் பாலம் அதுதான். மறு ஆண்டு அக்டோபரில், படத்தில் நாயகியின் வீடாகக் காட்டப்பட்ட பண்ணை வீட்டிலும் தீ. சீடர் பாலத்தைப் பழைய வடிவத்திலேயே 2004-இல் மறுபடி கட்டினார்கள். 2017 ஏப்ரலில் அதுவும் கொளுத்தப்பட்டது. பதின்வயதினர் மூவர் மீது வழக்கு வந்தது. 2019-இல் மூன்றாவது முறையாக எழுந்து நிற்கிறது.

கூரைப் பாலம் ஏன் இவ்வளவு வேகமாக எரிகிறது என்பதும் யோசிக்க வேண்டியது. நூறு வருஷமாக மழை படாத காய்ந்த மரம். இரண்டு பக்கமும் காற்றுப் படும் மெல்லிய பலகைகள். இரு முனையும் திறந்திருப்பதால் உள்ளே தானாகக் காற்று இழுக்கும். ஊருக்கு வெளியே இருப்பதால், யாராவது பார்த்துச் சொல்லி, தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் வீட்டிலிருந்து கிளம்பி வருவதற்குள் கூரை இறங்கியிருக்கும். கேமரா, விளக்கு, வெப்பத்தை உணரும் கம்பி, தீயைத் தாமதப்படுத்தும் பூச்சு எல்லாம் சந்தையில் இருக்கின்றன. பூச்சைக் குறித்த காலத்தில் மறுபடி பூச வேண்டும், கேமராவுக்கு மின்சாரம் வேண்டும், இரண்டுக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும். அந்த வரிதான் ஒவ்வொரு ஆண்டும் முதலில் வெட்டுப்படுவது.

சரி, மூன்று முறை கட்டிய சீடர் பாலம் இன்னும் 'பழைய' பாலமா? துறையில் இதற்கு ஒருமித்த பதில் இல்லை. என் கருத்து: 1883-இன் மரம் போய்விட்டது, அதை யாரும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் பின்னல் சட்டகத்தை எப்படிக் கோக்க வேண்டும் என்று தெரிந்த தச்சர்களை மறுகட்டுமானம் உருவாக்குகிறது, மீதி ஐந்து பாலங்களுக்கு அவர்கள் தேவைப்படுவார்கள். அளவெடுத்து வரைந்த படங்கள் கையில் இருந்தால்தான் இதையும் ஒழுங்காகச் செய்ய முடியும். புகைப்படங்களை வைத்துக்கொண்டு சட்டகம் கோக்க முடியாது. உங்கள் ஊரில் எதையாவது காப்பாற்ற ஒரு குழு தொடங்கினால், நிதி திரட்டும் முதல் விருந்துக்கு முன்னால் அளவெடுப்பை முடியுங்கள்.

கல் கட்டடங்களுக்கு வருகிறேன். விண்டர்செட் சதுக்கத்தின் நடுவில் இருக்கும் கவுண்டி நீதிமன்றம், முந்தைய கட்டடம் 1875-இல் எரிந்த பிறகு, 1876-78-இல் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லில் எழுந்தது. வடிவமைத்தவர் ஆல்ஃபிரட் பிகெனார், அயோவா மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலும் பங்கு உள்ளவர். சிலுவை வடிவத் தரைத்திட்டம், மேலே குவிமாடம். கவுண்டி முழுக்கவே இந்தக் கல்லில் கட்டிய வீடுகளும் பள்ளிக்கூடங்களும் உண்டு. நகரப் பூங்காவில் 1926-இல் கட்டிய 25 அடி உயரக் கிளார்க் கோபுரம் சிறுபிள்ளைகளின் கோட்டை மாதிரி நிற்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் அதைத் தவற விடாதீர்கள்.

இந்த வகைக் கட்டடங்களை நான் பார்த்தவரை அதிகம் கெடுத்தது அக்கறையோடு செய்த ரிப்பேர். அந்தக் காலத்துக் கல் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து. மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். சுவருக்குள் போன தண்ணீர் கல் வழியாக அல்ல, இணைப்பு வழியாக வெளியேறும். இருபதாம் நூற்றாண்டில் யாரோ "இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை" என்று கெட்டியான சிமெண்டில் பாயிண்டிங் (கற்களுக்கு இடையிலான இணைப்பைச் சாந்தால் நிரப்புவது) செய்துவிடுவார்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தங்கும். அயோவாக் குளிரில் அது உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். சிமெண்ட் கோடு கோடாக அப்படியே நிற்க, நடுவில் கல் தோல் உரிந்துகொண்டே வரும். ஒரு சிறிய ஊரின் கல் கட்டடத்தில், புதிதாகப் பாயிண்டிங் செய்த பக்கம்தான் மோசமாக உதிர்ந்திருந்தது. தொடாத வடக்குச் சுவர் நன்றாக இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அதை நம்பவே முடியவில்லை. சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். கெட வேண்டியது சாந்து, அதை மாற்றிக்கொள்ளலாம். கல்லை மாற்ற முடியாது. மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும், 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லி மேலே எதையாவது பூசுவதும் இதே குடும்பத்துத் தவறுகள்.

அமெரிக்கச் சிற்றூர்களில் நம்மவர்கள் பலர் இப்போது பழைய வீடுகளும், மெயின் ஸ்ட்ரீட்டில் பழைய செங்கல் கட்டடங்களும் வாங்குகிறார்கள், கீழே கடை, மேலே வாடகை என்று. அவர்களுக்குச் சில வார்த்தைகள். கான்ட்ராக்டரிடம் சாந்தில் சிமெண்ட் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் 'ஸ்ட்ராங்காப் போட்டுடலாம்' என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பழைய சாந்தை இணைப்பின் அகலத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும். மேலோட்டமாகப் பூசியது சில குளிர்காலத்துக்குள் விழுந்துவிடும். பழைய சாந்தை வெட்டியெடுக்கும் கிரைண்டர் இயந்திரம் சுவர்க் கல்லின் ஓரத்தையும் தின்னும், அனுபவமில்லாத கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

பணத்துக்கும் வழி உண்டு. பதிவேட்டில் உள்ள, வருமானம் தரும் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால், செலவில் 20 சதவீதம் மத்திய அரசின் வரிச்சலுகையாகக் கிடைக்கும். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு அது இல்லை. அயோவா மாநிலம் தனியாக 25 சதவீதம் தருகிறது, அதற்கு அதன் சொந்த நிபந்தனைகள். இரண்டிலும் செய்யப்போகும் வேலையை அதிகாரிகள் தரநெறிகளோடு ஒப்பிட்டு ஒப்புதல் தருவார்கள். பழைய மர ஜன்னல்களைக் கழற்றிக் குப்பையில் போட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டிய பிறகு விண்ணப்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் பெரிதாக உதவ முடிவதில்லை. ஆகவே முதலில் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். கடப்பாரையை அதற்கப்புறம் எடுக்கலாம்.