85 சதவீதம் என்பது மதிப்பெண் அல்ல

குறைந்த செலவில் தனித்து எடுக்கப்பட்ட, நிதானமாக நகரும் குற்றப் படம் ஒன்று விழாக்களில் பாராட்டுப் பெற்றுத் திரைக்கு வரும்போதெல்லாம், விமர்சனம் எழுதும் எங்களுக்கு ஒரே கேள்விதான் வருகிறது: "85 சதவீதம் வாங்கிய படம் என்று நம்பிப் போனேன், தூங்கிவிட்டேன்; காசு வாங்கிக்கொண்டு எழுதினீர்களா?" இந்த வாரமும் வந்துவிட்டது. ஆகையால் ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் இணையதளமான ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் சதவீதம், படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்வதே இல்லை. எழுதியவர்களில் எத்தனை பேர் சாதகமாக எழுதினார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. 10 பேரும் 'பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்' என்று 5-க்கு 3 கொடுத்தால் அந்தப் படம் 100 சதவீதம். இன்னொரு படத்துக்கு 7 பேர் முழு 5 கொடுத்து, மீதி 3 பேர் 2 கொடுத்தால் அது 70 சதவீதம். சராசரி எடுத்துப் பாருங்கள்: முதல் படத்துக்கு 3, இரண்டாவதற்கு 4.1. ஆனால் சதவீதத்தை நம்புகிறவர் முதல் படத்துக்குத்தான் டிக்கெட் எடுப்பார். நிதானமான குற்றப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. சிலரை ஆட்கொள்ளும், சிலரை விரட்டும். போதாக்குறைக்கு, விழாவில் பார்த்த ஒரு சிலரின் கருத்தை மட்டும் வைத்து வரும் எண், படம் வெளியானதும் பலர் எழுதத் தொடங்கும்போது மாறிவிடுகிறது.

பார்வையாளர் தரப்பு அளவுகோலும் இதே பாடுதான். அமெரிக்காவில் படம் வெளியாகும் நாளில் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டுத் தரம் போடும் நிறுவனமான சினிமாஸ்கோர், 2012-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றிருந்த 'கில்லிங் தெம் சாஃப்ட்லி'க்கு ஆகக் கடைசித் தரமான எஃப் கொடுத்தது. எதிர்பார்த்து வந்தது கிடைத்ததா என்பதற்கான விடைதான் அது. படத்தின் தரத்துக்கான தீர்ப்பு அல்ல.

மெதுவாக இருப்பது எப்போதும் படத்தொகுப்பின் குறையும் அல்ல. 2013-இல் கான் விழாவின் 'இயக்குநர்களின் இருவாரம்' (டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்) பிரிவில், சர்வதேச விமர்சகர்கள் கூட்டமைப்பு தரும் ஃபிப்ரெஸ்கி விருது பெற்ற 'ப்ளூ ரூயின்' படத்தில், பழிவாங்கக் கிளம்பிய நாயகனின் காலில் அம்பு பாய்கிறது. வழக்கமான படத்தில் அவன் பல்லைக் கடித்துப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த காட்சியில் ஓடுவான். இங்கே கடையில் சாமான் வாங்கி, தானே எடுக்க முயன்று, முடியாமல் மருத்துவமனைக்குப் போகிறான். அந்த அவதியை இருந்து பார்த்தால்தான், இந்த மனிதனுக்குக் கொலைத் தொழில் கைவராது என்பது உறைக்கிறது. இதை வெட்டினால் நேரம் மிச்சமாகும், படம் போய்விடும்.

எனவே, எண்ணைப் பார்த்தது போதும், தயவுசெய்து இரண்டு விமர்சனங்களையாவது முழுதாகப் படியுங்கள், அதில் ஒன்று பிடிக்காதவர் எழுதியதாக இருக்கட்டும். முன்னோட்டத்தில் வந்த துப்பாக்கிச் சூட்டை நம்பிப் போகாதீர்கள். அது விளம்பரத்துக்காகச் சேர்த்து வெட்டியது. கைபேசியை அணைத்துவிட்டு உட்காருங்கள். அப்படிப் பார்த்தும் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை, அதில் யாருக்கும் வெட்கமில்லை. சக விமர்சகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'பொறுமையைச் சோதிக்கிறது' என்று எழுதும்போது, எந்தக் காட்சி, ஏன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.