சயின்டிஸ்ட் எல்லாம் எக்ஸ்ஸை விட்டு ஏன் கூட்டமா போனாங்க?

தருமபுரியில எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. "அண்ணா, நான் ஃபாலோ பண்ணிட்டிருந்த ஆராய்ச்சியாளருங்க பாதிப் பேரு எக்ஸ்ல இப்ப எதுவுமே போடறதில்ல, ப்ளூஸ்கைல இருக்கேன்னு ப்ரொஃபைல்ல ஒரு வரி மட்டும் இருக்கு, மஸ்க் மேல அவ்வளவு கோவமா?"

எக்ஸ்ங்கறது பழைய ட்விட்டர்தான், ப்ளூஸ்கை அதே மாதிரி இன்னொரு தளம். கோவம் இருக்கு, காரணமும் இருக்கு. 2022 அக்டோபர்ல மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினாரு. ஆராய்ச்சிக்காக மாசத்துக்கு ஒரு கோடி ட்வீட் வரைக்கும் இலவசமா எடுத்துக்கலாம்னு 2021ல கொடுத்திருந்த வசதி 2023ல போச்சு, சமூக அறிவியல்காரங்க பல பேரோட ப்ராஜெக்ட் நடுவுல நின்னுச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல, இவரு நிஜமான ஆளுதான்னு பார்த்துக் கொடுத்திருந்த பழைய நீல டிக் எல்லாம் எடுத்துட்டாங்க, காசு கட்டினா யாருக்கும் டிக். அக்டோபர்ல லிங்க் போட்டா தலைப்பே தெரியாத மாதிரி மாத்தினாங்க, ஆராய்ச்சிக் கட்டுரையைப் பத்தி சொல்றதுக்குன்னே அங்க இருக்கிறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி!

ஆனா பாருங்க, பெரிய அலை வந்தது 2024 நவம்பர்ல. கோவம் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு. அதுதாங்க எனக்கு சுவாரசியமான விஷயம், கோவம் மட்டும்தான் காரணம்னா 2022லயே போயிருக்கணுமே?

போக முடியாததுக்குக் காரணம் நமக்குத் தெரிஞ்சதுதான். பாலக்கோடு பக்கத்துல நாளைக்கே புது தக்காளி மண்டி ஒண்ணு திறந்து கமிஷனே வேணாம்னு சொன்னாலும், வியாபாரி வராத இடத்துல விவசாயி லோடு இறக்க மாட்டாரு, லோடு வராத இடத்துக்கு வியாபாரியும் வர மாட்டாரு. எல்லாரும் அடுத்தவங்க போகட்டும்னு பார்த்துட்டு இருப்பாங்க.

அப்போ இது எப்படித்தான் உடையுது? மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1978ல இதுக்கு ஒரு கணக்கு சொன்னாரு, கூட்டிக் கழிக்கத் தெரிஞ்சா போதும், ஆனா படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. அவரு எடுத்துக்கிட்டது கலவரத்தை, நாம ஒரு துறையில இருக்கிற 100 ஆராய்ச்சியாளருங்கன்னு வெச்சுக்கலாம். "எத்தனை பேரு போனா நானும் போவேன்"னு ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒரு எண் இருக்கு. ஒருத்தருக்கு 0, யாரு வந்தாலும் வராட்டியும் அவரு கிளம்பிடுவாரு. அடுத்தவருக்கு 1, அதுக்கடுத்தவருக்கு 2, இப்படியே கடைசி ஆளுக்கு 99. முதல் ஆள் போறாரு. அதைப் பார்த்து 1 வெச்சிருக்கிறவர் போறாரு, இப்ப ரெண்டு பேரு ஆச்சா, 2 வெச்சிருக்கிறவரும் கிளம்பறாரு, இப்படியே சங்கிலியா போய் நூறு பேரும் காலி.

இப்ப ஒரே ஒரு ஆளை மட்டும் மாத்துங்க. 1 வெச்சிருந்தவர் கொஞ்சம் தயங்கறவர், அவரோட எண் 2. மத்த 99 பேரும் அப்படியே. முதல் ஆள் போறாரு... அவ்வளவுதான். ஒருத்தர் போனா போதும்னு நினைக்கிற ஆளே இப்ப இல்ல. 99 பேரும் அங்கயேதான் இருப்பாங்க! ரெண்டு கூட்டத்துலயும் சராசரி மனநிலை கிட்டத்தட்ட ஒண்ணுதான், "எக்ஸ் பிடிக்குதா"ன்னு சர்வே எடுத்தா ஒரே மாதிரிதான் பதில் வரும், ஆனா ஒரு கூட்டம் மொத்தமா காலி பண்ணிடுச்சு, இன்னொண்ணு அசையவே இல்ல. அதனாலதான் ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு மட்டும் கேட்டு அவங்க என்ன செய்வாங்கன்னு சொல்லிட முடியாது. ஒரு பக்கக் கணக்குல இதைவிட அழகான விஷயம் சமூகவியல்ல நான் படிச்சதில்ல.

இதை வெச்சு நடந்ததைப் பாருங்க. 2022 கடைசியில நிறைய பேரு மாஸ்டடான்னு இன்னொரு தளத்துக்குப் போனாங்க, அதை ஒரே கம்பெனி நடத்தறதில்ல, ஆளாளுக்குத் தனித்தனி சர்வர் வெச்சு நடத்தறாங்க. உள்ள நுழையும்போதே எந்த சர்வர்னு கேக்கும், அதைத் தாண்டினா டைம்லைன் காலியா இருக்கும், நம்ம துறை ஆளுங்க வந்திருந்தாலும் கண்ணுல பட மாட்டாங்க. நிறைய பேரு திரும்பி வந்துட்டாங்க. ப்ளூஸ்கை 2024 பிப்ரவரியிலதான் அழைப்பு இல்லாம எல்லாருக்கும் திறந்துச்சு, ஜூன்ல ஸ்டார்ட்டர் பேக்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஒருத்தர் தன் துறை ஆளுங்களை, 150 பேரு வரைக்கும், ஒரே லிஸ்ட்டா போட்டு வெப்பாரு, புதுசா வர்றவங்க ஒரே க்ளிக்குல எல்லாரையும் ஃபாலோ பண்ணிக்கலாம். 50 பேரு வந்தாதான் வருவேன்னு இருந்தவர் கண்ணுக்கு முதல் நாளே 100 பேரு தெரியறாங்க. அப்புறம் நவம்பர்ல அமெரிக்கத் தேர்தல் முடிவு வருது, மஸ்க் ஆதரிச்ச ட்ரம்ப் ஜெயிக்கிறாரு, அதே மாசம் எக்ஸ்ல நாம ப்ளாக் பண்ணவங்களும் நம்ம போஸ்ட்டைப் படிக்கலாம்னு மாத்தறாங்க, எல்லாரோட எண்ணும் ஒரே நேரத்துல கொஞ்சம் கீழ இறங்குது, சங்கிலியில இருந்த ஓட்டை அடைஞ்சிடுது. அந்த மாசமே ப்ளூஸ்கை 2 கோடி பேரைத் தாண்டிடுச்சு. ஒவ்வொருத்தரும் தன் துறை ஆளுங்களைத்தான் எண்ணுவாங்க, அதனால காலியானதும் துறை துறையாத்தான்.

இதுல எனக்கு ஒரு வருத்தம் இருக்குங்க. ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் மக்கள் வரிப்பணம், ஆனா அதைப் பத்திப் பேசற இடம் மட்டும் யாரோ ஒரு முதலாளியோடது, அவரு மனசு மாறினா நாம மூட்டை கட்டணும். நெதர்லாந்துல கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து வெச்சிருக்கிற கூட்டுறவு அமைப்பான சர்ஃப், 2023லயே சொந்தமா ஒரு மாஸ்டடான் சர்வர் நடத்திப் பார்த்தாங்க. நம்மகிட்ட கல்லூரிகளுக்கு ஏசி டாட் இன் (ac.in) இணைய முகவரி கொடுக்கிற எர்னெட் அமைப்பு இருக்கு. ப்ளூஸ்கைல சொந்த இணைய முகவரியையே (டொமைன்) பேரா வெச்சுக்கலாம், அப்போ கல்லூரி முகவரியே பேராசிரியருக்கு அடையாளம், யாருக்கும் காசு கட்டி டிக் வாங்க வேணாம். இதுக்கு ஆகற செலவு ரொம்பக் கம்மி, செய்யலாமே?

நம்ம மாவட்டத்துல பாடம் நடத்தறவங்க பெரும்பாலும் வாட்ஸ்அப் குரூப்லதான் இருக்காங்க, ப்ளூஸ்கை பக்கம் வரல. அவங்களுக்கு ஆர்வம் இல்லன்னு சொல்லிடாதீங்க. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருக்கிற பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துலயோ தருமபுரி கல்லூரியிலயோ 2, 3ன்னு எண் வெச்சிருக்கிறவங்க கண்டிப்பா இருப்பாங்க, 0 வெச்சிருக்கிற ஆள்தான் இன்னும் கிளம்பல. அது நீங்களாவே கூட இருக்கலாம் தங்கச்சி, புளி, ராகி, மானாவாரிப் பயிர்னு நம்ம பக்கத்து தாவரவியலுக்கு ஒரு ஸ்டார்ட்டர் பேக் நீங்களே போடுங்க, பத்து பேரு கிடைச்சாலும் போதும்.