மனநலச் செய்திக்கு விருது: பத்து வரிச் செய்தியையும் பாருங்கள்

மனநல இதழியலுக்கு விருது என்பது நமக்குப் புதிதல்ல. மனச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்காக 1984-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் அமைப்பு, பத்திரிகையாளர் பயிற்சி நிறுவனமான பிரஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவுடன் சேர்ந்து இத்தகைய விருதுகளை வழங்கியிருக்கிறது. அமெரிக்காவில், முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் மனைவி ரோசலின் கார்ட்டர் பெயரிலான மனநல இதழியல் நல்கை 1996 முதல் நடக்கிறது. இம்மாதிரிப் பரிசுகளுக்கு இயல்பாகவே நீண்ட கட்டுரைகள்தான் பொருந்துகின்றன. ஆனால் வாசகர் தினமும் படிப்பது மாவட்டப் பக்கத்தில் வரும் பத்து வரிச் செய்தியை. ஊறு செய்வதும் பெரும்பாலும் அதுதான். விருதுக்கான அளவுகோல் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

செய்தியின் தொனிக்கும் உயிரிழப்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வியன்னா சான்று. 1980-களில் அந்நகர மெட்ரோ ரயிலில் தற்கொலைகள் கூடின; பத்திரிகைகள் அவற்றைப் பரபரப்பாக வெளியிட்டன. 1987-இல் அங்குள்ள நிபுணர்கள் ஊடகங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தார்கள். செய்திகள் அடங்கின. அந்த ஆண்டின் பிற்பாதியில் மெட்ரோ தற்கொலைகளும் முயற்சிகளும் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. செய்தியால் நன்மை விளைவதும் உண்டு. தற்கொலை எண்ணம் வந்தும் அதைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியானபின் தற்கொலைகள் குறைந்ததை ஆஸ்திரியப் பத்திரிகைகளை ஆராய்ந்த தாமஸ் நீடர்குரோட்டன்தாலர் குழு 2010-இல் காட்டியது.

ரிசல்ட் வெளியாகும் நாளில் வரும் ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். ‘தேர்வில் தோல்வி: பிளஸ் 2 மாணவி தற்கொலை’ என்பது தலைப்பு. விசாரணை தொடங்கும் முன்பே காரணம் தீர்மானமாகிவிட்டது. அதே நாளில் தேர்ச்சி பெறாத இன்னொரு பிள்ளைக்கு, தோற்றால் இதுதான் வழி என்று அது சொல்கிறது. அடுத்த பத்தியில் எந்த அறையில், எப்படி என்ற விவரம் எஃப்.ஐ.ஆரிலிருந்து அப்படியே இறங்கியிருக்கும். எஃப்.ஐ.ஆர் விசாரணைக்காக எழுதப்படுவது. அதன் வரிகளுக்குச் செய்தியில் வேலை இல்லை. பிறகு தெருவின் பெயர், பள்ளியின் பெயர், பெற்றோர் பெயர், வாட்ஸ்அப் டிபியிலிருந்து எடுத்த படம்.

இதைத் திருத்த, செய்தியைச் செப்பனிடும் டெஸ்க்குக்கு ஐந்து நிமிடம் போதும். தலைப்பு: ‘பிளஸ் 2 மாணவி உயிரிழப்பு: போலீஸ் விசாரணை’. முறை பற்றிய வரி முழுவதும் போக வேண்டும். இடம் என்றால் தாலுகா போதும். படம் வேண்டாம். அப்படி மிச்சமாகும் இடத்தில் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி இரண்டு வரி. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 ஆகியவை ஒரு வரி. அச்சுக்குப் போகும் முன் அந்த எண்களை யாராவது ஒருவர் டயல் செய்து பார்க்க வேண்டும். பழைய பெட்டிச் செய்தியிலிருந்து எண்ணை நகலெடுக்கும்போது ஒரு இலக்கம் மாறினாலும், தேவைப்படும் நேரத்தில் அழைப்பவருக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள்.

இந்தத் திருத்தங்களின் சாரம் இந்தியப் பிரஸ் கவுன்சில் 2019 செப்டம்பரில் ஏற்ற நெறிமுறைகளில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை ஒட்டியவை அவை. நடைமுறையில் சிக்கல் எழுவது, நிருபர் எழுதியதற்கும் வெளியாவதற்கும் இடையில். கட்டுரை பக்குவமாக இருக்கும். அதைப் பகிரும் சோஷியல் மீடியா கார்டில், அதாவது தலைப்பு பொறித்த படத்தில், சிவப்பு எழுத்தும் அழும் தாயின் படமும் ஏறிவிடும்.

‘மனநிலை பாதிக்கப்பட்டவர் வெறிச்செயல்’ என்ற தலைப்பும் இதே வகை. கண்டறிந்து சொன்ன மருத்துவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒருவர் சொன்னது என்றே பதில் வரும். அதை எழுதாமல் விடுவதே சரி.

சிகிச்சையில் இருப்பவரைப் பேட்டி காண்பவர்களுக்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 24-ஆம் பிரிவுப்படி, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவருடைய சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது. வார்டன் சம்மதித்தார், அண்ணன் சம்மதித்தார் என்பது இதற்கு ஈடாகாது. சம்மதம் வாங்கியபின்னும் அவருடைய மேற்கோள்களை வெளியீட்டுக்கு முன் வாசித்துக் காட்டுவது நல்லது. நலம் தேறியவர் சில வரிகளை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும். அவர் வேலை தேடும்போதும் வரன் பார்க்கும்போதும் இணையத்தில் அந்தச் செய்தி மேலே வந்து நிற்கும்.

எனவே விருதுக்குழுக்கள் கட்டுரையை மட்டும் வாங்காமல், வெளியானபடியே தலைப்பு, படம், யூடியூப் தம்ப்நெயில், கார்டு எல்லாவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்று ஒரு பத்தி எழுதித் தரச் சொல்ல வேண்டும். நடுவர்களில் ஒருவராவது மனநோயோடு வாழ்ந்த அனுபவம் உள்ளவராக இருப்பது அவசியம். எங்கே வலிக்கும் என்பது அவருக்கு உடனே தெரியும். செய்தியைத் திருத்தினாலும் பைலைனில் பெயர் வராத சப் எடிட்டர்களுக்கும் ஒரு பிரிவு ஒதுக்கலாம். அதற்குத் தனிக் கட்டுரை எதுவும் தேவையில்லை. நடுவர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு மாதத்தின் மாவட்டப் பக்கங்களை வாங்கி மதிப்பிட்டால் போதும்.